சலம் தேங்கினால் தலையிடி ஏன் வருகிறது? முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டிய மருந்து விளக்கம்

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவருக்குத் திடீரென மூக்கு அடைக்கிறது. தலை இடிக்கிறது. முகம் சிவந்து வியர்க்கிறது. தடிமன் காய்ச்சல் வரப் போகிறது என்று வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். மருந்துக்கடையில் வாங்கிய தடிமன் குளிசை ஒன்றைக் கொடுத்து, “கொஞ்ச நேரம் படுங்கோ” என்று தலையணை வைத்துப் படுக்க விடுகிறார்கள்.

எல்லோர் வீட்டிலும் நடக்கும் பராமரிப்புத்தான் இது. ஆனால் நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ காயப்பட்டவருக்கு இந்த இரண்டும் உயிராபத்தை உண்டாக்கலாம். அவருக்கு வந்தது தடிமனாக இல்லாமல் இருக்கலாம். கதீற்றர் குழாய் எங்கோ மடிந்து, அவர் உணராமலே சலப்பை நிரம்பி வழியும் நிலையில் இருக்கலாம். அந்த நேரத்தில் கொடுக்கப்படும் தடிமன் குளிசை, ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கும் குருதி அமுக்கத்தை இன்னும் ஏற்றிவிடும். படுக்க வைப்பதும் அதையே செய்யும்.

சலப்பைக்கும் தலையிடிக்கும் என்ன தொடர்பு? மூக்கடைப்புக்கான குளிசை ஏன் சலத்தை அடைக்கிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நரம்பு கட்டளையிட, நம் விருப்பத்தைக் கேளாமல் சுருங்கும் தசைகளிலும், அந்தக் கட்டளையைக் கூட்டியும் குறைத்தும் விடும் அட்ரினலின் வகை மருந்துகளிலும் அது இருக்கிறது.

கட்டைபறிச்சானில் இது ஏன் பேசப்பட வேண்டும்

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது கட்டைபறிச்சான். போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையிலான எல்லையாக இருந்த இடம். 2006 ஏப்ரல் 25 இல் மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுவீச்சு நடந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் நகரைச் சுற்றிச் சண்டை மூண்டது. செப்டெம்பர் 4 இல் சம்பூர் இராணுவத்தின் வசமானது. சனங்கள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடினார்கள். பிறகு திரும்பி வந்தபோது சொந்தக் காணிக்குப் போக முடியவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015 இல்தான் விடுபடத் தொடங்கின.

எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ முள்ளந்தண்டு வடத்தைத் தொட்டால் அது காலை மட்டும் செயலிழக்கச் செய்வதில்லை. சலம், மலம், குருதி அமுக்கம், வியர்வை எல்லாவற்றின் ஒழுங்கையும் குழப்பிவிடுகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் காயப்பட்ட இளைஞர்கள் இப்போது நடுவயதில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட தாய்மார் முதுமை அடைந்துவிட்டார்கள். பராமரிப்பு மனைவி, பிள்ளை, சகோதரி என்று கைமாறுகிறது. முதலில் வைத்தியசாலையில் சொல்லிக்கொடுக்கப்பட்டது அடுத்தவருக்குச் சொல்லப்படாமலே போகிறது.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இப்பகுதி மக்கள் திருகோணமலை பொது வைத்தியசாலைக்குத் தரைவழியாகப் போவது முன்னரைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் கீழே சொல்லப்படும் ஆபத்து நிமிடக் கணக்கில் முற்றுவது. வாகனம் வரும்வரை வீட்டில் இருப்பவர் செய்யும் முதல் வேலைதான் பெரும்பாலும் உயிரைக் காக்கும்.

நாம் கட்டளையிடாத தசை

கையையும் காலையும் அசைக்கும் தசைகள் நம் விருப்பப்படி இயங்குகின்றன. குடல், சலப்பை, சுவாசக் குழாய், குருதிக் குழாய் ஆகியவற்றின் சுவரில் இருப்பது வேறொரு தசை. பாடசாலைப் புத்தகத்தில் இதை மழமழப்பான தசை என்று படித்திருப்போம். இது மெதுவாகச் சுருங்கும், நெடுநேரம் சுருங்கியபடி இருக்கும், களைத்துப் போகாது. நாம் நித்திரையில் இருந்தாலும் வேலை செய்யும்.

இந்தத் தசைக்குக் கட்டளை கொண்டு வருவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் பெரும்பாலும் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைத் தசையின் மேல் விடுகின்றன. பரபரிவு நரம்புகள் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை விடுகின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பிகள், நோரட்ரினலினின் நெருங்கிய உறவான அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. பாடப்புத்தகங்களில் அதிரீனலின் என்று எழுதப்படுவதும் இதுவே.

இந்த இரசாயனங்களைப் போல வேலை செய்யும் மருந்துகளும், அவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் நம் வீடுகளில் நிறையவே இருக்கின்றன. இழுப்புக்காரர் பாவிக்கும் பம்ப், தடிமன் குளிசை, பிறசர் குளிசை, வயது போன ஆண்களுக்குச் சலம் இலகுவாகப் போகக் கொடுக்கும் குளிசை என இவற்றில் பல அட்ரினலின் குடும்பத்தோடு தொடர்புடையவை.

கண்ணாடிக் குவளைக்குள் ஒரு குடல் துண்டு

இவை எப்படி வேலை செய்கின்றன என்று கண்டறிந்தது மருந்தியலாளர்களின் எளிமையான ஒரு பரிசோதனை முறை. முயலின் அல்லது கினிப்பன்றியின் குடலில் ஒரு சிறு துண்டை எடுத்து, உடற்சூட்டில் வைத்த உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஒட்சிசனைக் குமிழியாகச் செலுத்தினால் அது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டின் ஒரு முனையை ஒரு நெம்புகோலில் கட்டினால் அது சுருங்குவதும் தளர்வதும் தாளில் கோடாகப் பதியும்.

இந்தத் துண்டுக்கு மிகச் சிறிய மின்துடிப்புகளைக் கொடுத்தால் தசைக்குள் ஓடும் நரம்புகள் தூண்டப்பட்டு, அசற்றைல்கோலினை விடும். உடனே தசை வெடுக்கென்று சுருங்கும். சுருக்கம் நரம்பு வழியாகத்தான் வந்ததா, மின்சாரம் நேரே தசையைத் தொட்டதா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. வலையில் பட்டால் மீனவர்கள் உண்ணாமல் வீசிவிடும் பேத்தை மீனின் நஞ்சை ஒரு சொட்டுக் கரைசலில் விடுவார்கள். அந்த நஞ்சு நரம்பின் சமிக்ஞையை நிறுத்தும், மழமழப்பான தசையை அநேகமாக விட்டுவிடும். நஞ்சு விட்டதும் சுருக்கம் நின்றால், அது நரம்பு தூண்டிய சுருக்கம் என்பது உறுதி.

இப்போது அதே கரைசலில் நோரட்ரினலினைச் சேர்த்தால் என்ன நடக்கும்? மின்துடிப்பு வழமைபோலக் கொடுக்கப்படுகிறது, ஆனால் சுருக்கம் சிறிதாகிவிடுகிறது. 1969 இல் ஒக்ஸ்போர்ட்டில் பேட்டனும் ஹங்கேரியைச் சேர்ந்த விசியும் இதன் காரணத்தை அளந்து காட்டினார்கள். நோரட்ரினலின் தசையைத் தளர்த்துவது மட்டுமல்ல, நரம்பின் முனையிலேயே கைவைத்து, அது விடும் அசற்றைல்கோலினின் அளவைக் குறைக்கிறது. கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் முன்னரே குறைக்கப்பட்டுவிடுகிறது.

இதைக் கொண்டு அட்ரினலின் மருந்துகள் எல்லாம் தசையைத் தளர்த்துபவை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே கினிப்பன்றியின் விந்துக் குழாயை எடுத்து அதன் பரிவு நரம்பைத் தூண்டினால் அது பலமாகச் சுருங்குகிறது. குருதிக் குழாயை எடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே இரசாயனம் ஓரிடத்தில் தளர்த்துகிறது, இன்னோரிடத்தில் இறுக்குகிறது. அரை நூற்றாண்டுக்கு இது பெரிய புதிராக இருந்தது.

அல்பாவும் பீற்றாவும்

அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948 இல் இந்தப் புதிரை அவிழ்த்தார். அட்ரினலின் வகையைச் சேர்ந்த ஆறு இரசாயனங்களை வெவ்வேறு உறுப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இரசாயனத்தில் இல்லை, அதைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறது என்றார். தசையின் மேற்பரப்பில் இருக்கும் அந்த இடங்களை வாங்கிகள் என்கிறோம். அவர் அவற்றுக்கு அல்பா, பீற்றா என்று பெயர் வைத்தார். பின்னர் அவற்றிலும் உட்பிரிவுகள் கண்டறியப்பட்டன. நமக்குத் தேவையானவை நான்கு.

அல்பா 1 இருக்கும் இடத்தில் தசை இறுகும். குருதிக் குழாய்களின் சுவரிலும் சலப்பையின் கழுத்திலும் இது உண்டு.

அல்பா 2 நரம்பின் முனையிலேயே இருந்து கடிவாளம் போடும். குடல் துண்டில் சுருக்கம் சிறிதானது இதனால்தான்.

பீற்றா 2 இருக்கும் இடத்தில் தசை தளரும். சுவாசக் குழாய்களில் இது நிறைய உண்டு. சல்பியூட்டமோல் பம்ப் இழுப்பைத் தணிப்பது இதைத் தூண்டித்தான்.

பீற்றா 3 சலப்பையின் சுவரில் இருக்கிறது. அதைத் தூண்டினால் சலப்பை தளர்ந்து அதிக சலத்தைத் தாங்கும்.

ஒரு மருந்தைப் பற்றிக் கேட்கும்போது அது எந்த வாங்கியைத் தொடுகிறது, தூண்டுகிறதா தடுக்கிறதா என்று தெரிந்தால், அது உடலில் எங்கெங்கே என்ன செய்யும் என்பதைப் பெருமளவு ஊகிக்கலாம். பீற்றா வாங்கிகளைத் தடுக்கும் புரொப்பிரனலோல் நெஞ்சுப் படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் கொடுக்கப்படுகிறது. அதை இழுப்பு உள்ளவர் எடுத்தால் சுவாசக் குழாய் இறுகிவிடும், பம்ப் அடித்தாலும் சரியாகக் கேட்காது. அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த படபடப்புக் குளிசையை வாங்கிப் போடக்கூடாது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

சலப்பை நிரம்புவதும் வெளியேறுவதும்

சலப்பை பெரும்பாலும் சும்மா நிரம்பிக்கொண்டிருக்கும். அப்போது பரிவு நரம்புகள் இரண்டு வேலை செய்கின்றன. பீற்றா 3 வழியாகச் சலப்பைச் சுவரைத் தளர்த்துகின்றன. அல்பா 1 வழியாகச் சலப்பைக் கழுத்தை இறுக்கி வைக்கின்றன. பை விரிய, வாய் மூடியிருக்கும்.

சலம் கழிக்கும் நேரம் வந்ததும் மூளைத் தண்டிலிருந்து கட்டளை முள்ளந்தண்டு வடம் வழியாக இறங்குகிறது. பரிவு நரம்புகள் ஓய்கின்றன, கழுத்துத் தளர்கிறது. நாம் விரும்பி இறுக்கக்கூடிய வெளி இறுக்கித் தசையும் விடுகிறது. பரபரிவு நரம்புகள் அசற்றைல்கோலினை விட, சலப்பைச் சுவர் சுருங்கிச் சலம் வெளியேறுகிறது. இந்த ஒழுங்கு தவறாமல் இருப்பது மூளையின் மேற்பார்வையால்தான்.

வடம் நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ அறுபட்டால் மேற்பார்வை அற்றுப்போகிறது, ஆனால் கீழே உள்ள நரம்புகள் சாகவில்லை. காயத்தின் முதல் அதிர்ச்சிக் காலம் கடந்ததும் சலப்பை தன்பாட்டில் சுருங்கத் தொடங்குகிறது. அதேவேளை இறுக்கித் தசையும் இறுகுகிறது. தள்ளுவதும் அடைப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் சலப்பைக்குள் அமுக்கம் கூடுகிறது, சலம் மேலே சிறுநீரகத்தை நோக்கித் திரும்பலாம், மிச்சச் சலம் தேங்கிக் கிருமி வளரலாம். காயம் இடுப்புக்குக் கீழே, வடத்தின் வால் நரம்புகளில் பட்டிருந்தால் நிலைமை மறுதலை. சலப்பை சுருங்காமல் தொய்ந்து போகும், நிரம்பி வழியும்.

முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்ட படையினரில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றது துப்பாக்கிச் சன்னத்தைவிடப் படுக்கைப் புண்ணும் சலக் கிருமியும்தான். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில்லில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவும், 1972 இல் அமெரிக்காவில் ஜக் லப்பிடிஸ் அறிமுகப்படுத்திய, சுத்தமான குழாயை நேரத்துக்கு நேரம் தானே செலுத்திச் சலம் எடுக்கும் முறையும் அந்த நிலையை மாற்றின. பொதுவாக நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை, ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டாமல் எடுக்கப் பார்க்க வேண்டும் என்பது இன்றும் உள்ள வழிகாட்டல்.

மருந்துகள் இதற்குத் துணை. ஒக்சிபியூட்டினின் போன்றவை அசற்றைல்கோலினைத் தடுத்து, சலப்பையின் அடங்காத சுருக்கத்தைக் குறைக்கின்றன. வாய் உலர்வும் மலச்சிக்கலும் அவற்றின் பக்கவிளைவு. மிராபெக்ரோன் பீற்றா 3 ஐத் தூண்டி அதே பயனைத் தருகிறது. அது குருதி அமுக்கத்தைச் சிலருக்குக் கூட்டும் என்பதால் அமுக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கப்படும். பிரசோசின், டம்சுலோசின் போன்றவை அல்பா 1 ஐத் தடுத்துச் சலப்பைக் கழுத்தைத் தளர்த்துகின்றன. வெளி இறுக்கி வேறு வகைத் தசை என்பதால் அதில் இவற்றுக்குப் பெரிய பிடி இல்லை.

அல்பா 1 குருதிக் குழாயிலும் இருப்பதை மறக்கக்கூடாது. பிரசோசினின் முதல் குளிசையோடு சிலருக்கு அமுக்கம் சடுதியாக விழுந்து மயக்கம் வரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரின் அமுக்கம் ஏற்கனவே தாழ்ந்தே இருப்பதால் அவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக நேரலாம். முதல் குளிசையை இரவு படுக்கும்போது எடுக்கச் சொல்வதும், காலையில் மெதுவாக எழும்பி இருக்கச் சொல்வதும் இதனால்தான். டம்சுலோசின் சில ஆண்களுக்கு விந்து வெளியேறுவதைக் குறைக்கும். விந்துக் குழாயைச் சுருக்குவதும் அதே நரம்பும் அதே வாங்கியும் என்பதால் இது நடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள் கூச்சப்படாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டிய விடயம் இது.

தலையிடிக்கு இப்போது வருவோம்

நெஞ்சு மட்டத்தின் 6 ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. நடு நெஞ்செலும்பின் கீழ்முனை மட்டத்திலிருந்தோ அதற்கு மேலிருந்தோ உணர்வு அற்றுப்போனவர்கள் என்று எளிமையாக விளங்கிக்கொள்ளலாம். வைத்தியர்கள் இதை ஓட்டோனமிக் டிஸ்ரிஃப்லெக்சியா என்பார்கள். தமிழில் தன்னாட்சி நரம்பு மிகைத்தாக்கம் எனலாம். நிரம்பிய சலப்பைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் போரில் காயப்பட்டவர்களிடம் ஆராய்ந்து குட்மனும் விட்டரிட்ஜும் 1947 இல் எழுதினார்கள்.

நடப்பது இதுதான். சலப்பை நிரம்பி இழுபடுகிறது. அந்தச் செய்தி வடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது, மூளைக்குப் போக வழியில்லை. ஆகவே நோவு தெரியாது. ஆனால் கீழ்ப்பகுதியில் உள்ள பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு நோரட்ரினலினைக் கொட்டுகின்றன. வயிற்றிலும் கால்களிலும் உள்ள குருதிக் குழாய்கள் அல்பா 1 வழியாக ஒருசேர இறுகுகின்றன. குருதி அமுக்கம் எகிறுகிறது. சாதாரணமானவருக்கு மூளை உடனே “போதும்” என்று கட்டளை அனுப்பி அந்த நரம்புகளை அடக்கும். இவருக்கு அந்தக் கட்டளை அறுந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மூளையால் செய்யக்கூடியது, காயத்துக்கு மேலே உள்ள குழாய்களை விரிப்பதும், இதயத் துடிப்பைக் குறைப்பதும் மட்டுமே. அதனால்தான் முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது, மூக்கு அடைக்கிறது, தலை வெடிப்பது போல இடிக்கிறது. காயத்துக்குக் கீழே தோல் வெளிறி மயிர்க்கூச்செறிந்திருக்கும். நாடி பெரும்பாலும் மெதுவாக இருக்கும்.

கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் குருதிக்கசிவு, மரணம் வரை போகலாம்.

மூக்கடைப்பைத் தடிமன் என்று எண்ணுவது இங்கேதான் ஆபத்தாகிறது. பல தடிமன் குளிசைகளில் சூடோஎபெட்ரின் அல்லது பினைல்எப்ரின் சேர்ந்திருக்கும். இவை அல்பா 1 வழியாக மூக்கின் குருதிக் குழாய்களை இறுக்கி அடைப்பை எடுக்கின்றன. அதே வேலையை உடல் முழுவதும், சலப்பைக் கழுத்திலும் செய்கின்றன. ஆகவே குழாய் போடாமல் தானாகச் சலம் கழிப்பவருக்கு உண்மையான தடிமன் வந்தாலும் இவை சலத்தை அடைத்துவிடக்கூடும். சலம் தேங்கினால் மிகைத்தாக்கம் தொடங்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் அவரை நிமிர்த்தி இருத்துங்கள். கால்களைக் கீழே தொங்கவிடுங்கள். குருதி கால்களில் தங்கினால் அமுக்கம் ஓரளவு இறங்கும். படுக்க வைக்காதீர்கள்.

இடுப்புப் பட்டி, சாரம், இறுக்கமான சட்டை, சப்பாத்து, காலில் கட்டிய சலப் பையின் பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.

சலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். கதீற்றர் மடிந்திருக்கிறதா, உடலின் கீழ் நெரிபட்டிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். சலம் இறங்கவில்லை என்றால் குழாய் உள்ளே அடைபட்டிருக்கலாம். கழுவவோ மாற்றவோ பழகியவர் இருந்தால் உடனே செய்ய வேண்டும். வயிற்றை அமத்திச் சலத்தை வெளியேற்றப் பார்க்கக்கூடாது, அது அமுக்கத்தை மேலும் ஏற்றும். நேரத்துக்கு நேரம் குழாய் செலுத்துபவர் என்றால் உடனே சலத்தை எடுங்கள்.

சலத்தில் பிழை இல்லை என்றால் மலம் இறுகியிருக்கிறதா, படுக்கைப் புண் உண்டா, சதைக்குள் வளர்ந்த கால் நகம், தீக்காயம், உடம்பின் கீழ் அகப்பட்ட பொருள் ஏதும் உண்டா என்று பாருங்கள். கர்ப்பிணிகளுக்குப் பிரசவ நோவே இதைத் தூண்டலாம். அவர்கள் முன்கூட்டியே பிரசவ விடுதியில் தம் முள்ளந்தண்டுக் காயத்தைப் பற்றிச் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டில் அமுக்கமானி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். உயர்ந்த மட்டத்தில் காயப்பட்டவர்களின் வழமையான மேல் எண் பெரும்பாலும் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவருடைய வழமையை விட 20 முதல் 40 வரை ஏறினாலே அது ஆபத்து அறிகுறி. 140 என்ற எண்ணைப் பார்த்து “பெரிசா ஒண்டும் இல்லை” என்று சொல்லிவிடக்கூடாது. இவருக்கு அது மிகவும் உயர்ந்த எண்.

காரணத்தை நீக்கியதும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தலையிடி தணியும். தணியாவிட்டால், அல்லது காரணம் பிடிபடாவிட்டால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனத்திலும் இருத்தியபடியே கொண்டுபோங்கள். அங்கே விரைவாக அமுக்கத்தை இறக்கும் மருந்து கொடுப்பார்கள். ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டனாபில் போன்ற குளிசை எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமுக்கத்தை இறக்கும் சில மருந்துகளோடு அது சேர்ந்தால் அமுக்கம் அபாயகரமாக விழுந்துவிடும். தலையிடி தணிந்த பிறகும் இரண்டு மணித்தியாலமாவது கவனித்துக்கொண்டிருங்கள், திரும்ப வரலாம்.

வீட்டில் எழுதி வைக்க வேண்டியது

மருந்துக்கடைக்கு யார் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்தத் தடிமன் குளிசையில் மூக்கடைப்பு எடுக்கிற மருந்து சேர்ந்திருக்கா? ஆள் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்.” சேர்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லி, ஆவி பிடிப்பது, உப்புநீர்ச் சொட்டு மருந்து, தனிப் பரசிற்றமோல் போன்றவற்றைக் கேளுங்கள். அவையும் தடிமன்தான் என்று தெரிந்த பிறகுதான். எழுந்து இருக்கும்போது தலை சுற்றுபவர்களுக்கு மிடோட்ரின் என்ற குளிசை கொடுக்கப்படுவதுண்டு. அதுவும் அல்பா 1 ஐத் தூண்டுவதே. அதை எடுப்பவர்கள் படுத்திருக்கும்போது அமுக்கம் ஏறும் என்பதையும், சலம் தேங்கலாம் என்பதையும் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைத்தியர் எழுதித் தந்த எந்தக் குளிசையையும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஒரு சிறு மட்டையில் ஐந்து விடயங்களை எழுதி, சக்கர நாற்காலியின் பையிலும் வீட்டுச் சுவரிலும் வைத்துக்கொள்ளுங்கள்: காயத்தின் மட்டம், வழமையான குருதி அமுக்கம், சலம் எடுக்கும் முறையும் குழாயின் அளவும், இப்போது எடுக்கும் மருந்துகள், “தன்னாட்சி நரம்பு மிகைத்தாக்கம் வரக்கூடியவர், நிமிர்த்தி இருத்துங்கள், சலத்தைப் பாருங்கள்” என்ற ஒரு வரி. அந்த வரியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் யாரையாவது கொண்டு எழுதுவித்து வையுங்கள். அவசரப் பிரிவில் அன்றிரவு கடமையில் இருக்கும் வைத்தியர் ராகமையிலோ திகனையிலோ உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் பயின்றவராக இருக்க வேண்டும் என்றில்லை. முள்ளந்தண்டு நோயாளியை எப்போதாவது ஒருமுறை பார்ப்பவராகவும் அவர் இருக்கலாம். மட்டை அவருக்கும் உதவும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைக்குக் கூடக் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியும், அப்பாவை நிமிர்த்தி இருத்தச் சொல்லிக் கத்தவும் தெரியும்.